உடும்புப்பிடிக் குரோமியமே, நீ வாழ்க!

குரோமியமே, உன்னைப் புகழ எங்கள் மாகறலைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. எங்கள் ஈசன் பொன் உடும்பாக வந்து புற்றுக்குள் புகுந்தவர், அந்த உடும்பின் வால் வடிவிலேயே லிங்கமாக நிற்பவர் என்று தலபுராணம் சொல்லும். உடும்புப்பிடியைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் பாலாற்று மண்ணில் நீ பிடித்திருக்கும் பிடியை எந்தப் புராணத்திலும் கேட்டதில்லை.

உன் விசுவாசத்தை முதலில் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1970களின் நடுவில் ஓடத் தொடங்கி, 1990களின் நடுவில் மூடப்பட்டது. நடத்தியவர்கள் போய்விட்டார்கள். கூலிக்கு உழைத்தவர்கள் வேறு பிழைப்புத் தேடிக்கொண்டார்கள். நீ ஒருவன்தான் போகவில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக்குள் உட்கார்ந்துகொண்டு, பெய்கிற மழையையெல்லாம் மஞ்சளாக்கி நிலத்தடிக்கு அனுப்புகிறாய். பூச்சிமருந்தாவது வெயிலிலும் மண்ணிலும் மெல்ல மெல்லச் சிதையும். நீ தனிமம். உருவம் மாறுவாய், ஒழிய மாட்டாய்.

உன் நேர்மையோ அதைவிடப் பெரிது. சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் இடத்துச் சேற்றை எடுத்து, அதிலிருக்கும் நஞ்சு எந்தக் குப்பைமேட்டிலிருந்து, எந்தச் சாக்கடை வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. நூறு வாய்க்கால்கள் அங்கே ஒன்றாகின்றன, ஒவ்வொன்றும் அடுத்ததைக் கைகாட்டும். நீ அப்படி யாரையும் அலையவிடுவதில்லை. தோல் ஷாப்புகளில் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது வண்டலில் ஒட்டிக்கொள்ளும். தோலைக் கெடாமல் வைத்த உப்பும் கூடவே வந்து தண்ணீரைக் கரிக்கச் செய்யும். குரோமேட் ஆலையிலிருந்து வருவது ஆறு இணைதிறன் கொண்டது. நீரில் கரைந்து, மஞ்சள் பூசி, கிணறு தேடிப் போகும், புற்றுநோயும் தரும். உப்போடு வந்தால் ஒரு வாசல், மஞ்சளாக வந்தால் இன்னொரு வாசல். வந்த வழியை நீயே எழுதிக் கொடுத்துவிடுகிறாய். இவ்வளவு தெளிவான வாக்குமூலத்தை எந்தக் குற்றவாளியும் கொடுத்ததில்லை.

அந்த வாக்குமூலத்தைப் படித்தவர்களையும் புகழத்தான் வேண்டும். அவர்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை. தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதித் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. நாடெங்கும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையை 2006இல் ஓர் அமெரிக்க அமைப்பு பட்டியலிட்டது. 1996 தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் 547 ஆலைகளிடமிருந்து 29,193 பேருக்குச் சேர வேண்டிய இழப்பீட்டைக் கணக்குப் போட்டது, சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். தென்னை காய்ந்த தோட்டத்துக்கும் பாழான கிணற்றுக்கும் தலைக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வராத கணக்கு அது.

2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சகதியில் செத்தார்கள். சுத்திகரிக்கக் கட்டிய இடமே அவர்களுக்குச் சவக்குழியானது. இங்கே மட்டும் உன்னைப் புகழ எனக்கு நாவெழவில்லை.

எங்கள் மாகறலை ஒட்டி ஓடும் செய்யாறும் காஞ்சியின் சாயக்கழிவைச் சுமந்துவரும் வேகவதியும் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கின்றன. அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, அதில் 15 படுக்கை, வைத்தியனுக்கு என்ன சம்பளம், என்னென்ன மருந்து இருப்பில் வைக்க வேண்டும் என்பதுவரை அதில் வெட்டியிருக்கிறார்கள். நோயாளிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கல்லில் எழுதிய கரை அது. அதைத் தாண்டித்தான் பாலாறு வயலூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. வெள்ளம் வருகிற வருஷங்களில் ஆற்றின் மேற்பகுதியில் நீ ஒட்டியிருக்கும் வண்டலுக்கும் அதுதான் பாதை.

2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேசியது. பாக்கி இழப்பீட்டை அரசு கொடுத்து, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும் என்றது. முதல் மனு போட்டு 34 வருஷம். அன்று வழக்குக்குக் காரணமாக இருந்த விவசாயிகளில் எத்தனையோ பேர் இன்று இல்லை. நீ இருக்கிறாய், குரோமியமே. கொடுத்த வாக்குமூலத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், அதே மேட்டில், அதே மஞ்சளோடு இருக்கிறாய்.