புன்னகைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் உள்ள தொடர்பு: காரைக்காலை முன்வைத்து ஓர் ஆய்வு

விமான நிலைய ஊழியர்களின் உபசரிப்பை ஆராயக் காரைக்காலைவிடப் பொருத்தமான களம் கிடையாது. இங்கே விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு பல ஆண்டுகளாக உண்டு. பயணிகள் விமானம் ஒன்றும் வந்து இறங்கியதில்லை. ஆகவே ஊழியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஒருவரும் குறை சொல்லாத விமான நிலையம் காரைக்காலுடையதுதான். தரவு வேண்டுவோர் வேன் பிடித்துத் திருச்சிக்குப் போகவேண்டும்.

முன்னாய்வுகளில் தலையாயது சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இல் வெளியிட்ட நூல். அமெரிக்காவின் டெல்டா நிறுவன விமானப் பணியாளர்கள் சம்பளத்துக்குச் சிரிப்பதையும், கடன் வசூலிப்பவர்கள் சம்பளத்துக்கு முறைப்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் அவர். காவிரி டெல்டாப் பக்கம் அவர் வராமல் போனது அத்துறைக்கு இழப்பு. வந்திருந்தால் இரு வகையினரையும் ஒரே கூரையின்கீழ் பார்த்துச் செலவை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

வாசலில் நிற்கும் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினரின் புன்னகையோ கொள்கை முடிவுக்கு உட்பட்டது. அகன்ற புன்னகை முறையை விட்டுப் போதுமான புன்னகை முறைக்கு மாறப்போவதாக 2019-இல் அந்தப் படையே சொன்னது. (இது என் சரக்கல்ல, அன்றைய செய்தித்தாள்களில் இருக்கிறது.) போதுமான அளவு என்பது எத்தனை பல் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

மேலிடத்து உத்தரவுக்கு ஏற்பச் சுருங்கி விரியும் ஒன்றை அளவுகோலாகக் கொள்ள முடியாது. எனவே இவ்வாய்வு, பயணியை ஊழியர் எப்படிக் கூப்பிடுகிறார் என்பதை எடுத்துக்கொள்கிறது. இதில் உச்ச அளவு எங்கள் ஊர்க்காரருக்கே கிடைத்திருக்கிறது. தலையால் நடந்து கயிலை ஏறிய காரைக்கால் அம்மையாரை இறைவனே அம்மை என்று அழைத்து வரவேற்றார். சீட் பெல்ட் கிடையாது. கைப்பைக்கு 7 கிலோ வரம்பும் கிடையாது. அதற்குக் கீழே 'மேடம்', 'அம்மா', 'ஏம்மா' என்று இறங்கி, 'அந்த லைன்ல நில்லு' என்பதில் அளவு தரை தட்டுகிறது.

இனிச் சோதனை. ஒரே தெருக்காரர் இருவர். ஒருவர் சொல்தா வீட்டுப் பிள்ளை, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர் குடும்பம். காரைக்காலைப் பிரான்சு இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்ததும், ஆறு மாதக் கெடுவுக்குள் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பேரன் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட். மற்றவர் பத்தாவது தேறவில்லை. வளைகுடா வேலைக்குக் குடிபெயர்வு அனுமதி கேட்கும் ஈசிஆர் பாஸ்போர்ட். அதே ஷிப்ட், அதே ஊழியர். முன்னவருக்கு, 'சார், இப்படி வாங்க.' பின்னவருக்கு, 'ஏம்ப்பா, கான்ட்ராக்ட் பேப்பர் எங்க? எந்த ஏஜென்ட்?' எந்த நிறுவனத்தில் உபசரிப்பு நன்றாயிருக்கும் என்று விசாரித்து டிக்கெட் எடுப்பவர்கள், முதலில் தங்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பது நல்லது.

அளவுகோலுக்கு அடங்காத ஓர் இடம் பெட்டி எடை போடும் கவுண்டர். எடை கூடிவிட்டால் அங்கேயே தரையில் பெட்டி திறக்கும். கருவாட்டுப் பொட்டலம், ஊறுகாய், கைலி, அம்மா இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள் எல்லாம் வெளியே வரும். எதை விடுவது என்று தெரியாமல் ஆள் கருவாட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கவுண்டர்ப் பெண் வரிசையைப் பார்ப்பார், எடை காட்டும் எண்ணைப் பார்ப்பார், பிறகு எங்கேயோ பார்த்தபடி பெட்டிக்கு டேக் மாட்டிவிடுவார். புன்னகையும் இல்லை, ஒரு சாரும் இல்லை. இதை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்பது ஆய்வாளரைத் திணறடிக்கும் சிக்கல்.

வானத்தில் எல்லாரும் சார், மேடம்தான். பணிப்பெண்ணுக்கு அப்படித்தான் பயிற்சி. அது குலைவது ஊர் திரும்பும் விமானம் திருச்சியில் சக்கரம் பதிக்கும்போது. ஓட்டம் நிற்குமுன்பே பாதிப்பேர் எழுந்து மேலேயிருக்கும் பெட்டியை இழுப்பார்கள். ஆங்கிலத்தில் அறிவிப்பு வரும், இந்தியிலும் வரும், ஒருவரும் அசையமாட்டார்கள். கடைசியில் பின்வரிசைப் பணிப்பெண் மைக்கை வைத்துவிட்டுச் சொந்தக் குரலில், 'அண்ணே, விழுந்துருவீங்கண்ணே, உக்காருங்க!' என்பார்.

உட்கார்ந்துவிடுவார்கள்.