திருவலக்குத்தியில அப்பன்

என்ன மருமவனே, மூஞ்சி தொங்கிக் கிடக்கு? மவ மூணாங்கிளாஸ் மலையாளப் புஸ்தகத்தை மடியில விரிச்சுட்டாளாக்கும்! நானும் அந்தப் படத்தைப் பாத்தேன். அடுக்களைல அம்மை வேலை செய்யா. அப்பன் தரையில திருவலக்குத்தி போட்டு உக்காந்து தேங்காய் துருவுகான். உனக்கு வந்த சோதனையைப் பாரேன்!

எல்லாம் திருவனந்தபுரத்துப் பூஜப்புரைல செய்த வேலை. பாடப்புஸ்தகம் உண்டாக்குக எஸ்.சி.இ.ஆர்.டி.யும் அங்கதான், சென்ட்ரல் ஜெயிலும் அங்கதான். ஆளைத் திருத்த ஒரே ஊர்ல ரெண்டு ஏற்பாடு. 2024ல ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பதுன்னு ஒத்தப்படை கிளாசுக்கு முதல்ல புதுப் புஸ்தகம் வந்துது. அதுக்கு முன்னாலயே மூணாங்கிளாஸ் தாண்டின பிள்ளையளோட அப்பன்மாரு எல்லாம் தப்பிச்சான். நீ ஜாதகம் பாத்து, பொருத்தம் பாத்து, கல்யாணத்தைத் தள்ளிப் போட்டல்லா? அனுபவி.

அரசியல் சட்டத்தோட முகவுரையையும் அந்தப் புஸ்தகங்கள்ல அச்சடிச்சிருக்கான். அதுல உனக்குச் சங்கடம் இல்ல. சமத்துவம், சகோதரத்துவம்னு நீ மைக்கைப் பிடிச்சா வட்டியூர்க்காவு வரைக்கும் கேக்கும். தேங்காய்தான் சிக்கல். அது வீட்டுக்குள்ள கிடக்கு.

ஒரு வழி சொல்லுகேன். அந்தப் பக்கத்தைப் பசை தேச்சு ஒட்டிரு. பிள்ள கேட்டா மழையில நனைஞ்சுட்டுன்னு சொல்லு. இடவப்பாதி மழை மேல பழி போட்டா இந்த ஊர்ல ஆரும் மறுத்துப் பேசமாட்டான்.

அது பலிக்கலைன்னா உக்காந்துரு. படத்துல இல்லாததை நான் சொல்லித் தாறேன். வேட்டியை ஒதுக்கிக் குத்து. தேங்காய் முறியை உள்ளங்கையில அடக்கி, விளிம்புல தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பு. வீராப்புல சிரட்டை வரைக்கும் சுரண்டினியோ, கறுப்பு விழுந்து அவியல் நெறம் போயிரும். விரல் திருவலக்குத்தி நாக்குல பட்டா உனக்குச் சோறு வேற ஆளு ஊட்டணும். நாலு முறி துருவி எந்திச்சுப் பாரு; உன் அம்மை, எங்க அக்கா, இத்தனை வருசமா இடுப்பு வலின்னு சொன்னப்ப, வாயுவா இருக்கும்னு நீ சொன்னது ஓர்மை வரும்.

நானா? நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போ புஸ்தகத்துல ஆடும் இலையும்தான் உண்டு. பொறவு எங்க வீட்டுல மிக்சி இருக்கு, அதை ஓட்ட உங்க அத்தை இருக்கா.

பி.டி.ஏ. மீட்டிங்குக்குப் போனா பாடத்தைப் பத்தி எதுவும் கேளு. சாரு வீட்டுல தேங்காய் துருவுகது ஆருன்னு மட்டும் கேட்டுராத, பிள்ளைக்கு மார்க்கு குறையும்.