ஓட்டி ஓட்டிப் பாக்குற பேராண்டிக்கு

வாங்க தொரை. ரெண்டேகால் மணி நேர ஜப்பான் படத்தை அரைமணியில முடிச்சிட்டீகளாமே! இதே வேகத்துல உளுந்தையும் ஓட்டிவிட்டா விதைச்ச மறுநாளே அறுத்துறலாம்.

ஒண்ணுமே நடக்கலைங்கியே, எப்படி நடக்கும்? நடக்குற எடத்தையெல்லாம் நீதான் ஓட்டிட்டியே. யசுஜிரோ ஓசு 1953ல எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி' அது. கெழவனும் கெழவியும் ஒனோமிச்சியில இருந்து பிள்ளைகளைப் பாக்கப் போறாக. மகன் டாக்டரு, மக அழகு நிலையம் வச்சிருக்கா; ஒருத்தருக்கும் நேரமில்லை. காசைப் போட்டு அட்டாமின்னு ஒரு வெந்நீரூத்து ஊருக்கு அனுப்பி வைக்காக. பாசத்துலன்னா நெனைக்கே? தொல்லை விட்டுச்சுன்னுதான். அங்க ராத்திரி பூராம் பக்கத்துல கும்மாளம், பொட்டுத் தூக்கமில்லை. விடிஞ்சு கடல் பாத்து உக்காந்திருந்துட்டு எந்திரிக்கையில கெழவி லேசாத் தள்ளாடுறா. அம்புட்டுதான். நீ கண்டிப்பா அந்த எடத்துல விரலை வச்சு அமுக்கியிருப்ப. பொறகு அந்தக் கெழவி செத்த வீட்டுலயே, ஆத்தாளோட இன்ன உடுப்பு எனக்கு வேணும்னு மக கேக்கா. நம்ம பக்கம்னா கம்மல்ல ஆரம்பிப்பாக.

கேமராவை ஏன் தரையோட தரையா வச்சிருக்கான்னு கேட்டியாம். பாயில உக்காந்திருக்கிற ஆளோட கண்ணு உசரம்யா அது. நாற்காலியிலயே வளந்த பயலுக்கு எங்கிட்டுத் தெரியப்போவுது? நான் திண்ணையை விட்டு எந்திரிக்கலைன்னு உங்க ஆச்சி ஏசுறா; அந்தாளு அதே உசரத்துல உக்காந்து உலகத்துல பேர் வாங்கிட்டாரு.

உன்னையும் முழுசாக் குத்தம் சொல்ல முடியாது. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்தூர்க்காரன் நீ. 1959ல சிவாஜி கட்டபொம்மனா கர்ஜிச்சாரு, 1961ல நம்மூரு வ.உ.சி.யாவும் அவரே வந்தாரு. அந்தச் சத்தத்துல காது கொஞ்சம் மந்தமாகத்தான செய்யும்.

அதே 1959ல ஓசு 'குட் மார்னிங்'னு ஒண்ணு எடுத்தாரு. ரெண்டு பயலுக டிவிப் பெட்டி கேட்டு அடம்புடிக்கானுக. அப்பன் வாயை மூடுங்கலேன்னதும், பெரியவுக பேசுற குசலமெல்லாம் வெட்டிப் பேச்சுதானன்னு திருப்பிக் கேட்டுட்டு, நெசமாவே வாயை மூடிக்கிடுறானுக. பய வணக்கம் சொல்லலைன்னதும், அவன் ஆத்தாதான் வஞ்சம் வச்சுத் தூண்டிவிடுறான்னு பக்கத்து வீட்டுக்காரி கிளப்பிவிடுறா. ஓட்டப்பிடாரத்துல எடுத்த படமோன்னு தோணும். நடுவுல பயலுகளுக்குக் குசு விடுற போட்டி வேற. அதுல ஒருத்தன் மட்டும் அளவு தெரியாம டவுசரை நாசமாக்கிட்டு வீட்டுக்குப் போவான்.

கடைசியில, மனசுக்குள்ள ஆசை வச்சிருக்கிற ரெண்டு பேரு ரயில் மேடையில நிக்காக. நல்ல வெயிலு, அந்த மேகத்தைப் பாருங்க, இதான் பேச்சு. ஐப்பசி பூராம் மழையைப் பேசியே சம்பந்தம் முடிக்கிற மானாவாரிக்காரன் பேரன் நீ, இது உனக்கு வெளங்கலைங்கியே!

1998ல நம்ம 'முத்து' ஜப்பானுக்குப் போயி சக்கைப்போடு போட்டுச்சு. நாம ஆடுனதை அவுக அசையாம உக்காந்து பாத்தாக. அவுக அசையாம உக்காந்திருக்கிறதை நாம பாக்க மாட்டோமாக்கும்?

தமிழ்லதான் வேணும்னா பாலு மகேந்திராவோட 'சந்தியா ராகம்' இருக்கு. சொக்கலிங்க பாகவதர் வயசான காலத்துல சொந்தக்காரன் வீட்டை நம்பிப் பட்டணத்துக்கு வருவாரு. அதுக்கு இப்பம் அவசரமில்லை. மொதல்ல குசுப் படத்தைப் போடு. ரிமோட்டை ஆச்சி கையில குடுத்துரு. அவ "எந்தப் பய டவுசருய்யா அது?"ன்னு நிறுத்தி நிறுத்திக் கேப்பா. பொறுமையாப் பதில் சொல்லு.