கடைசியாகத் தூக்கியவர் யார்?

எங்கள் மகள் ஏன் அழுகிறாள் என்று தெரியாதவர்கள் எங்கள் தெருவில் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் அவளைப் பார்க்கும் குழந்தை மருத்துவர். மீதி அத்தனை பேருக்கும் தெரியும்.

பால் குடித்தாயிற்று, ஈரத்துணி மாற்றியாயிற்று, உடம்பு சுடவில்லை, எறும்பு கடித்த தடம்கூட இல்லை. ஆனாலும் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் முகம் சிவந்து, முஷ்டியை இறுக்கி, கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள். டாக்டர் இதற்குக் கோலிக் என்று பெயர் சொன்னார். 1954-ல் மோரிஸ் வெஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் தன் சகாக்களோடு சேர்ந்து இதற்கு ஒரு கணக்கு போட்டு வைத்திருக்கிறார்: ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழ வேண்டும். அத்தனையும் கேட்டு முடித்த தகப்பனுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

“ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போகும். மூணு, நாலு மாசத்துல தானா அடங்கிடும்” என்றார் டாக்டர்.

“மருந்து?”

“பொறுமைதான் சார்.”

சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி முறைத்தாள்.

காய்ச்சல், பச்சை வாந்தி, பால் குடிக்க மறுப்பது, எடை ஏறாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் நடுராத்திரி ஆனாலும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். ஆத்திரம் தலைக்கேறினால் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய் நிற்க வேண்டும், எக்காரணம் கொண்டும் பிடித்துக் குலுக்கக் கூடாது என்றும் சொன்னார். இதைச் சொல்லும்போது என்னையே பார்த்தார். வெளியே போய் நிற்பதில் எனக்குள்ள திறமை முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் அப்போது இரண்டு கட்சிகள். அம்மா திருஷ்டிக் கட்சி. மாமியார் வாயுக் கட்சி. மாடி வீட்டு அக்கா உரம் விழுந்திருக்கிறது என்று மூன்றாவது அணி கண்டார். அழுகிற குழந்தை காற்றை விழுங்கும், அதனால் வயிறு உப்பும். வாயு பல நேரம் அழுகையின் விளைவுதானே தவிரக் காரணம் அல்ல என்று டாக்டர் சொன்னதை நான் வந்து ஒப்பித்தேன். “நீங்க பிள்ளை பெத்தீங்களா மாப்பிள்ளை?” என்று மாமியார் கேட்டார். விவாதம் அத்தோடு முடிந்தது.

ஒரு ராத்திரி, “அலமாரியில அந்தப் பேர் சொல்லாததை எடுத்துட்டு வாங்க” என்றார் மாமியார். வசம்பைத்தான் சொல்கிறார், இருட்டிய பிறகு அதன் பெயரை உச்சரிக்கக் கூடாதாம். எனக்கு இது எங்கே தெரியும்? எங்கள் சமையலறையில் எனக்குப் பேர் சொல்லத் தெரியாத பொருள்களே அதிகம். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினேன். கசகசாவில் ஆரம்பித்து மராட்டி மொக்கு வரைக்கும் வந்துவிட்டேன். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும், சொட்டுத் தண்ணீர்கூட, கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஆகவே வசம்பும் உரை மருந்தும் திரும்ப அலமாரிக்குப் போயின.

கிரைப் வாட்டரும் அப்படித்தான். 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் உருவாக்கியது அது. பழைய தயாரிப்பில் சோயிக்கீரை எண்ணெயும் சோடா உப்பும் போக ஆல்கஹாலும் இருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சமர்த்தாகத் தூங்கின என்று அம்மா சொல்வதை நான் இப்போது மறுப்பதில்லை.

பாவம், பழி முழுக்க மனைவியின் தட்டின் மேல் விழுந்தது. பருப்பு, உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாக விலக்கினார்கள். சில குழந்தைகளுக்குத் தாய் சாப்பிடும் பால் பொருளால் ஒவ்வாமை வருவதுண்டு, அதை நான் பார்த்துச் சொல்கிறேன், மற்றபடி வயிறாரச் சாப்பிடட்டும் என்றார் டாக்டர். அதற்குள் விசாரணை என் வரைக்கும் வந்துவிட்டது. ஆபீஸ் கேன்டீனில் போண்டா சாப்பிட்டேனா என்று அம்மா கேட்டாள். நான் சாப்பிட்டால் பிள்ளைக்கு எப்படி வாயு வரும்? ஆனால் சாப்பிட்டிருந்தேன். பதில் சொல்லவில்லை.

இந்த அழுகை தானாக வரும், தானாக நிற்கும். நிற்கிற நொடியில் யார் கை குழந்தை மேல் இருக்கிறதோ அவருக்கே பெருமை. ஒருநாள் அம்மா உப்பும் மிளகாயும் சுற்றும்போது நின்றது. இன்னொரு நாள் மாமியார் தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் தடவும்போது நின்றது. ஒருநாள் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டியதும் சட்டென்று நின்றுவிட்டது. அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தோம். நாளைக்கும் இதே நேரத்துக்கு வர முடியுமா என்று அம்மா விசாரித்தாள்.

அம்மாவுக்குத் தூளி கட்ட ஆசை. எங்கள் அடுக்கக விட்டத்தில் கொக்கி கிடையாது. ஆகவே தூளியின் வேலைக்கு நான் நியமிக்கப்பட்டேன். முன்கையில் குப்புறப் போட்டு, தலையை முழங்கைப் பக்கம் தாங்கிக்கொண்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்க வேண்டும். தாலாட்டு எனக்கு வராது. பாடினால் பக்கத்து வீட்டுக் குழந்தையும் எழுந்துகொள்கிறது. எனவே மதுரையிலிருந்து வடக்கே போகும் ரயில் நிலையங்களை வரிசையாகச் சொல்வேன்: கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைரோடு, அம்பாத்துரை, திண்டுக்கல். திண்டுக்கல்லில் கண் சொருகும். அய்யலூர் தாண்டினால் நல்ல தூக்கம். படுக்கையில் போட்டால் மணப்பாறையில் விழித்துக்கொள்வாள். அவளைக் குறைசொல்ல முடியாது. முறுக்கு விற்கும் ஸ்டேஷனில் நானும் விழித்துக்கொள்வேன்.

ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் 2022-ல் இதையே ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். 5 நிமிடம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தூங்கிய பிறகு உடனே கீழே விடாமல் மடியில் வைத்தபடி இன்னும் 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். உடம்பை விட்டுப் பிரிக்கிற அந்தக் கணத்தில்தான் குழந்தை உஷாராகிறதாம். அதன் பிறகு மணப்பாறையில் இறங்காமல் உட்கார்ந்தே திருச்சி வரை போனேன். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இல்லாத கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் போட்டேன். அவள் தூங்கினாள். பல ராத்திரி எனக்கு விருத்தாசலம் வரை தூக்கம் வரவில்லை.

நான்காம் மாதம் தொடங்கியபோது டாக்டர் சொன்னபடியே அழுகை அடங்கியது. அந்த வாரம்தான் மாமியார் சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அம்மா திருஷ்டிப் பொம்மையை மாற்றி மாட்டியிருந்தாள். மனைவி பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு என்று நேரம் பிரித்துப் பழக்கியிருந்தாள். மூவரும் தனித்தனியாக வெற்றியை அறிவித்துக்கொண்டார்கள். என் பெயர் எந்த அறிவிப்பிலும் இல்லை.

போன வாரம் ஆபீஸில் புதிதாக அப்பாவான பையன் ஒருவன் கண் சிவக்க வந்து உட்கார்ந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முழு அதிகாரத்தோடு விளக்கினேன்.

“நான் திருச்சிக்காரன் சார். எனக்கு எந்த லைன்?” என்றான்.

“தஞ்சாவூர் லைன்ல போ. பொன்மலை, திருவெறும்பூர், பூதலூர். ஆனா எக்ஸ்பிரஸ் வேகம் ஆகாது, பாசஞ்சர் மாதிரிதான் சொல்லணும்.”

பையன் செல்போனில் குறித்துக்கொண்டான்.