மௌனத்தில் உறுமிய வயிறு: குவேக்கர் பள்ளி மூத்த மாணவர் நினைவியல் பற்றி ஒரு முன்னாய்வு

எழுபதைத் தாண்டிய குவேக்கர் பள்ளிப் பழைய மாணவர்கள் ஒன்றுகூடினால் எதை நினைவுகூர்கிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். இதை இதுவரை எந்த அறிஞரும் தொடாமல் விட்டதற்குத் தக்க காரணம் இருக்கக்கூடும். அதை ஆராய்வது நம் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முதலில் சொல்லாராய்ச்சி. 'குவேக்கர்' என்றால் நடுங்குபவர். 1650-இல் இங்கிலாந்தின் டார்பி நகரில், இந்தக் கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் விசாரணைக்கு நின்றபோது, இறைவனின் வாக்குக்கு நடுங்கும்படி நீதிபதிக்கே புத்தி சொன்னார். நீதிபதி பதிலுக்கு அவரை நடுங்கி என்று கேலி செய்ய, கேலி ஒட்டிக்கொண்டது. குவேக்கர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'நண்பர்கள்' என்றுதான். பதினெட்டு வயதில் பள்ளியை விட்டு வெளியேறும் எவருக்கும் அந்தக் கேலிப்பெயர் பொருந்துவதில்லை. எண்பதில், தேநீர்க் கோப்பையைத் தட்டோடு தூக்கும்போது பொருந்துகிறது. பதினைந்து பேர் ஒரே நேரத்தில் தூக்கினால் கோயில் மணிகளைக் குலுக்கியது போல் இருக்கும். நம் இலக்கணிகள் காரணப்பெயர் என்பது இதைத்தான். காரணம் வந்துசேர அறுபது ஆண்டு பிடிக்கிறது, அவ்வளவே.

அடுத்து மௌனம். இவர்களுடைய மரபான வழிபாட்டில் போதகர் இல்லை, பாட்டு இல்லை, பலிபீடம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து பேசாமல் இருக்க வேண்டும். உள்ளுக்குள் உந்துதல் வந்தால் எழுந்து நாலு வார்த்தை சொல்லலாம், வராவிட்டால் வேண்டாம். கடைசியில் மூத்தவர் இருவர் கைகுலுக்கினால் கூட்டம் முடிந்தது. சும்மா இருப்பது சித்தர்களுக்கே வாய்க்கும் அரிய நிலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யார்க்ஷயரில் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு அதைக் கால அட்டவணையிலேயே போட்டு வைத்திருந்தார்கள்.

நம் கருதுகோள் இங்கேதான் பிறக்கிறது: ஒன்றுமே நடக்காத நேரம்தான் மனித மூளையில் ஆழமாகப் பதிகிறது. பாடம் நடத்தியதெல்லாம் போய்விட்டது. ஜன்னல் கண்ணாடியில் ஏறிச் சறுக்கி மறுபடி ஏறிய ஈ இருக்கிறது. எந்த பெஞ்ச் கிறீச்சிடும் என்பது இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெருமௌனத்தின் நடுவில் ஒருவன் வயிறு உறுமியது இருக்கிறது.

விருந்தினனாக நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் (பள்ளியின் பெயர் வேண்டாம்) அந்த வயிறு யாருடையது என்ற வழக்கு மதிய உணவு முழுக்க நடந்தது. மூன்று பேர் நான்காமவரைச் சுட்டினார்கள். நான்காமவர் இறந்துபோன ஐந்தாமவரைச் சுட்டினார். நம் ஊராக இருந்தால் கை தூக்கச் சொல்லி முடித்திருப்போம். குவேக்கர்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் பேசிய பிறகு எழுத்தர் ஒருவர் கூட்டத்தின் மனப்போக்கை உணர்ந்து தீர்மானம் எழுதி வாசிப்பார். மறுப்பு இல்லையென்றால் அதுவே முடிவு. அன்று ஒரு பாட்டி காகிதக் கைக்குட்டையில் எழுதி வாசித்தார்: வயிறு இருந்தது, உறுமியது, உரிமையாளர் குறித்து மேலும் காத்திருப்போம். அனைவரும் தலையசைத்தார்கள். வரலாற்றுத் துறைகள் இந்த முறையைப் பரிசீலிக்கலாம்.

நேரில் காணாததையும் நினைவுகூரலாம் என்பது துணைக் கருதுகோள். யார்க் நகரின் குவேக்கர் பள்ளியான பூத்தத்தில் 1899-இல் ஒரு மாணவன் நத்தை ஓடுகளை அடுப்பில் வேகவைத்துவிட்டு மறந்துபோனான். பள்ளிக் கட்டடம் எரிந்தது. அதைப் பார்த்த எவரும் இன்று உயிரோடு இல்லை. ஆனாலும் இந்தக் கதைக்கு எந்தத் தலைமுறையிலும் சாட்சிப் பஞ்சம் வராது என்பது என் கணிப்பு. எண்கள் மூலம் வானிலை கணித்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் இங்கே படித்தவர்தான். 1898-இலேயே வெளியேறிவிட்டதால் அவர் மேல் சந்தேகமில்லை.

ரிச்சர்ட்சனைக் குறிப்பிட வேறு காரணமும் உண்டு. அவர் ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தார். விடை படுமோசமாகத் தவறியது. அதை ஒளிக்காமல் 1922-இல் தன் புத்தகத்திலேயே அச்சிட்டார். நம் பழைய மாணவர்கள் ஒருவருக்கொருவர் நலம் சொல்லிக்கொள்வதும் இந்த ரகம்தான். எளிமையே நெறி என்று வளர்ந்தவர்கள் பெருமையடித்துக்கொள்ள முடியாது. எனவே தோல்வியை விரிவாகவும் வெற்றியை முணுமுணுப்பாகவும் சொல்வார்கள். 'மண் விஷயமாகக் கொஞ்சம் அலைந்தேன்' என்றால் மூன்று நாடுகளுக்கு வேளாண் ஆலோசகராக இருந்தார் என்று பொருள். 'மூட்டு தேய்ந்துவிட்டது' என்றால் மட்டும் மூட்டு தேய்ந்துவிட்டது என்றே பொருள். இதே பூத்தத்தில் படித்த ஃபிலிப் நோயல்-பேக்கர் 1920 ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளியும் 1959-இல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றவர். இந்த இலக்கணப்படி அவர் சேதி சொல்லியிருந்தால், 'கொஞ்சம் ஓடினேன், பிறகு கூட்டங்களில் உட்கார்ந்திருந்தேன்' என்று முடிந்திருக்கும்.

விளிச்சொல் பற்றி ஒரு சொல். பதினேழாம் நூற்றாண்டுக் குவேக்கர்கள் யாரையும் 'நீங்கள்' என்று சொல்ல மறுத்தார்கள். நீதிபதியானாலும் பிரபுவானாலும் 'நீ'தான். தொப்பியையும் கழற்ற மாட்டார்கள். அதற்காக உதை வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். கொள்கை இல்லாமலே இதைச் சாதிக்கும் ஒரே உறவு பள்ளித் தோழமை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை அன்று எல்லோரும் ஏதோ ஒரு காய்கறியின் பெயரால் அழைத்தார்கள். காரணம் கேட்டேன். யாருக்கும், அவருக்கும்கூட, ஞாபகமில்லை.

மாலையில் கலைவதற்கு முன் வழக்கம்போல் மௌனமாக உட்கார்ந்தோம். பத்து நிமிடம் இருக்கும். காதுகேட்கும் கருவி ஒன்று மெல்ல விசிலடித்து அடங்கியது. அப்போது ஒரு வயிறு உறுமியது, நீளமாக, இரண்டு ஸ்வரத்தில். பதினைந்து தலைகளும் ஒன்றாகத் திரும்பின. காலையிலிருந்து சாண்ட்விச் மட்டுமே தின்றிருந்த நான் ஜன்னலில் ஈ ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன்.