பின்னச்சு மாற்றியல்: ஒரு முன்னாய்வு

திறவுச்சொற்கள்: அச்சு, பல், போல்ட், பல்லைக் கடித்தல், போல்ட்டைத் தொலைத்தல்.

பாயிரம்

பழைய பிக்கப் வண்டிக்குப் பின்னச்சு மாற்றுவது குறித்து இதுகாறும் முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை என்பது இவ்வாய்வாளனின் துணிபு. நிகழ்ந்ததா என்று தேடவில்லை. தேடினால் துணிபு கெடும். துணிபு கெட்டால் கட்டுரை கெடும்.

கட்டணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடும் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு இதை முதலில் அனுப்பினேன். தலைப்பில் 'அச்சு' இருந்ததால் அச்சுக்கலை வரலாற்றுப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். நடுவர் இருவரும் ஒருமனதாக ஏற்றனர். 'தரங்கம்பாடி அச்சகம் பற்றி இன்னும் விரித்திருக்கலாம்' என்பது மட்டும் ஒருவர் குறை.

ஆய்வுக்களம்: அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், எதிர்வீட்டு கராஜ். ஆய்வுப்பொருள்: எதிர்வீட்டுப் பெரியவரின் 1951 செவ்ரலே 3100 அரை டன் பிக்கப். ஆய்வாளன்: டார்ச் பிடிக்க வந்தவன்.

நோக்கம்

வண்டி ஓடியது. ஆனால் அலறியது. அதன் பின்னச்சு விகிதம் 4.11. அதாவது கிரவுன் எனும் பெரிய பல்சக்கரத்தில் 37 பல், அதைச் சுழற்றும் பினியனில் 9 பல். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் தண்டு நாலு சுற்றுக்கு மேல் சுற்றியாக வேண்டும். மூட்டை ஏற்றிப் பண்ணைச் சாலையில் போக இதைவிடச் சிறந்த விகிதம் இல்லை. நெடுஞ்சாலையில்தான் சிக்கல். கணக்கு எளியது: வேகத்தை மைலில் எடுத்து விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் அங்குலத்தில் வகுக்க வேண்டும். 28 அங்குல டயரில் மணிக்கு 60 மைல் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு 2959 சுற்று.

அந்த 336 எங்கிருந்து வந்தது என்று கராஜில் யாரும் கேட்டதில்லை. குருவிடம் கேட்ட மந்திரம் போல ஓதுகிறார்கள். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். அதை 60-ஆலும் பையாலும் வகுத்தால் 336 சொச்சம். அவ்வளவே. இதை நான் சொன்னபோது பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மந்திரத்துக்குப் பொருள் சொன்னவனை யாருக்குப் பிடிக்கும்?

2959 என்பது புதுக் காருக்குக் கொசுக்கடி. ஆனால் இந்த 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினில் கனெக்டிங் ராடுகளின் அடியில் சிறு கரண்டிகள் இருக்கும். அவை எண்ணெயில் முங்கி அள்ளித்தான் ராடு பேரிங்குகளுக்கு ஊட்டுகின்றன. இப்படிக் கையேந்திச் சாப்பிடும் எஞ்சினை மணிக்கணக்கில் விரட்டுவது பாவம் என்பதே பெரியவரின் கட்சி. ஆகவே விகிதம் இறங்க வேண்டும். ஆகவே அச்சு மாற வேண்டும்.

வரலாறு

பின்னச்சின் நடுவில் இருந்து, வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு 1827-இல் பிரான்ஸின் ஒனேசிஃபோர் பெக்கர் காப்புரிமை பெற்றார். தன் நீராவி வண்டிக்காக.

ஒற்றை வரியில் முடிந்தால் அது வரலாறாகுமா? எனவே அறிஞர்கள் பின்னோக்கிப் போனார்கள். கிரேக்கத்தின் ஆண்டிகித்தேரா தீவருகே 1901-இல் கடலடியிலிருந்து எடுத்த வெண்கலப் பல்சக்கரப் பொறிக்குள் டிஃபரன்ஷியல் இருந்தது என்று யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரக் டி சொல்லா பிரைஸ் 1974-இல் எழுதினார். பல ஆண்டுகள் அது பாடப்பொருளாயிற்று. பிறகு லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மைக்கேல் ரைட் போன்றவர்கள் எக்ஸ்-கதிர் கொண்டு மறுபடி பார்த்தார்கள். அங்கே டிஃபரன்ஷியல் இல்லை. பிரைஸ் பெரிய அறிஞர்; அவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. இல்லாத டிஃபரன்ஷியலைக் காணப் பெரும்புலமை வேண்டும். இருப்பதைக் காண ஒரு ஜாக்கி போதும்.

நம் மாட்டு வண்டிக்கு டிஃபரன்ஷியல் தீர்க்கும் பிரச்சினையே இல்லை என்பதை இவ்விடத்தில் பெருமையோடு பதிவு செய்கிறேன். இருசு சுழலாது, சக்கரங்கள் அதன் முனைகளில் தனித்தனியே சுழலும். வளைவில் வெளிச்சக்கரம் அதிகம் ஓட, உட்சக்கரம் குறைவாக ஓட, இரண்டுக்கும் மனத்தாங்கல் இல்லை. இரு சக்கரங்களையும் எஞ்சின்தான் சுழற்ற வேண்டும் என்று வந்த பிறகே நடுவில் ஒரு சமரசக்காரர் தேவைப்பட்டார். அவருக்கும் ஒரு குறை உண்டு: ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதையே சுழலவிட்டு, தரையில் ஊன்றி நிற்கும் மற்றதைச் சும்மா விட்டுவிடுவார். இக்குறையையும் அதற்கு மருந்தான லிமிடெட் ஸ்லிப்பையும் நீதிமன்றக் கூண்டில் நின்று விளக்கியதற்காக மரிசா டோமே ஆஸ்கரே வாங்கினார் ('மை கசின் வின்னி', 1992). டிஃபரன்ஷியல் பற்றி வாய் திறந்தவர்களில் பயன் கண்டவர் அவர் ஒருவரே.

வகைப்பாடு

பின்னச்சுகள் மூவகைப்படும்.

ஃபோர்டு ஒன்பது அங்குலம்: 1957 மாடலில் அறிமுகம், பின்புறம் மூடி கிடையாது, பற்கூட்டத்தை முன்பக்கமாக உருவ வேண்டும்.

டானா: கனம்.

ஜெனரல் மோட்டார்ஸ்: இவ்வகையில்தான் புலமைக்கு இடமுண்டு. பின்மூடியின் போல்ட்டுகளை எண்ணியே இதற்குப் பெயர் இடுகிறார்கள்: பத்துப் போல்ட், பன்னிரண்டு போல்ட். கேட்க எளிது. ஆனால் பத்துப் போல்ட்டில் 8.2 அங்குலமும் உண்டு, 8.5 அங்குலமும் உண்டு. பன்னிரண்டில் கார் அச்சும் உண்டு, டிரக் அச்சும் உண்டு. இரண்டுக்கும் கிரவுன் 8.875 அங்குலம்தான், உள்ளே பினியன் வேறு. நூறு பேர் ஆயுளுக்கும் சண்டையிடப் போதுமான விதை இது.

பெரியவர் பழைய இரும்புக் கடையிலிருந்து 1969 செவ்ரலே சி-10 வண்டியின் அச்சொன்றைக் கொண்டுவந்து இறக்கினார். ஒஹையோவில் குளிர்காலச் சாலைக்கு உப்புத் தூவுவார்கள். அந்த உப்பில் ஊறி, மேலே சேறு அப்பி, கருவாடு போலக் கிடந்தது. மூடியின் போல்ட்டுகளை நான் எண்ணினேன். பதினொன்று.

மறுபடி எண்ணினேன். பதினொன்றேதான்.

இவ்விடத்தில் மூன்று கொள்கைகள் எழுந்தன. பன்னிரண்டில் ஒன்று விடுபட்டது என்பது விடுபாட்டுக் கொள்கை; பெரியவர் இக்கட்சி. மூலத்தில் பத்தே, ஒன்று பிற்கால இடைச்செருகல் என்பது அவருடைய மைத்துனர் கட்சி. பதினொன்றே மூலபாடம், மற்றவையெல்லாம் ஏடெழுதுவோர் பிழை என்பது என் கட்சி. புதிய கொள்கை சொல்லாதவனை யார் முனைவர் என்பார்கள்?

எனக்கு ஆதாரம் உண்டு. கராஜ் அலமாரியில் கிடந்த ஒரு கையேட்டின் பதினேழாம் பக்கம் காண்க (நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் இருந்த பக்கத்தில் யாரோ டிப்ஸ்டிக் துடைத்துவிட்டார்கள்). அங்கே 'எல்லாப் போல்ட்டுகளையும் முறுக்குக' என்று மட்டுமே உள்ளது. பன்னிரண்டு என்று இல்லை. இம்மௌனம் கருதத்தக்கது. இந்நூலுக்குப் பென்சிலில் எழுதப்பட்ட பழைய உரை ஒன்றுண்டு, ஓரத்தில் '11?' என்று காண்கிறது. உரைகாரர் காலம் தெரியவில்லை. காபிக் கறையின் அடர்த்தியைக் கொண்டு பார்த்தால் தொன்மையானவர். இதை மறுத்து, அதே ஓரத்தில் வேறு கையெழுத்தில் 'பால் வாங்க வேண்டும்' என்று உள்ளது. இது மறுப்பன்று, குறியீடு என்பர் சிலர். பால் வெள்ளை, வெள்ளை இன்மை, ஆகவே ஒரு போல்ட் இன்மை என்று பொருள் கொண்டு இதை விடுபாட்டுக் கட்சிக்குச் சான்றாக்குவர். அவர் யாரெனின், இக்கட்டுரையின் முந்தைய வரைவை எழுதிய நானே. அவ்வரைவை நான் கடுமையாக மறுத்துள்ளேன். அம்மறுப்பை மேற்கோள் காட்டாதவர்களின் புலமை நேர்மை ஐயத்துக்குரியது.

இரண்டு சனிக்கிழமைகள் இப்படிப் போயின. மூன்றாம் சனிக்கிழமை பெரியவரின் பேத்தி பள்ளிவிட்டு வந்த அலுப்போடு ஒரு பழந்துணியால் மூடியைத் துடைத்தாள். சேற்றுக்கடியில் ஓட்டை ஒன்று இருந்தது. மரையோடு.

சனிக்கிழமை பள்ளி ஏது என்று வாசகர் கேட்கலாம். வகுப்பன்று, பந்துப் பயிற்சி. விரிவஞ்சி விடுத்தனம்.

விகிதம் காணல்

மூடியைத் திறந்தால் கந்தக நாற்றம். கிரவுனும் பினியனும் ஒன்றையொன்று தேய்த்து வழுக்கிக்கொண்டே சுழல்வதால், அந்த அழுத்தம் தாங்க எண்ணெயில் கந்தகம் சேர்ந்த பொருள் கலந்திருக்கும். பக்கத்து வீட்டு நாய் எழுந்து போயிற்று.

நாய் போகாமலே விகிதம் கண்டிருக்கலாம். ஒரு பக்கத்து பிரேக் டிரம்மைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். பினியன் முனை எத்தனை சுற்றுகிறதோ அதுவே விகிதம். மூன்று சுற்றும் கிட்டத்தட்ட முக்காலும் வந்தது: 41-க்கு 11, 3.73. இரண்டு வார ஆய்வை இரண்டே சுற்று முடித்தது. அறுபது மைலில் எஞ்சின் இனி 2686 சுற்று. மிச்சம் 273.

பொருத்தல்

சக்கரத்துக்கு ஆறு போல்ட், பழையதற்கும் ஆறு: நன்று. பிரேக்: இருக்க வேண்டும். பழைய சி-10 சுருள் ஸ்பிரிங் மேல் இருந்தது, இவ்வண்டிக்குப் பட்டை ஸ்பிரிங். எனவே பழைய தாங்கிகளை அறுத்து, புதியவற்றைப் பினியன் சாய்கோணம் பிசகாமல் வெல்டிங் வைக்க வேண்டும். வைத்தோம்.

பிறகுதான் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தோம். 1951 செவ்ரலே அரை டன்னில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியாது. கெட்டியான குழாய்க்குள் ஓடும். அச்சு முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவதும் அக்குழாய்தான். அதன் பின்முனை பழைய அச்சோடும் முன்முனை கியர்பாக்ஸோடும் பிணைந்தது. புதிய அச்சோ திறந்த ஷாஃப்ட்டுக்கு ஆனது. அச்சு மாறினால் ஷாஃப்ட் மாற வேண்டும். ஷாஃப்ட் மாறினால் கியர்பாக்ஸ் மாற வேண்டும். செவ்ரலே இவ்வமைப்பை விட்டது 1955-இல். முதல் நாளே குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் போல்ட் எண்ணிக்கொண்டிருந்தோம்.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, பழைய அச்சோடேயே மணிக்கு 45 மைலில் ஓட்டிக்கொண்டு தபால் போடப் போனார்.

சி-10 அச்சு இப்போது கராஜ் வாசலில் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது. தேவைப்படுவோர் இலவசமாக எடுத்துச் செல்லலாம். தூக்க இருவர் வரவும். பன்னிரண்டாவது போல்ட்டை மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்: பதினாறில் ஐந்து அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை.