சுடுதண்ணீர் கேட்டால் சுவரும் சுடுகிறதே!

கேள்வி: கீசரைக் கன்வெர்ஷன் பிளக் போட்டு சாதாரண பாயின்ட்டில் மாட்டியிருக்கிறோம். பத்தே நிமிடத்தில் பிளக் தொட முடியாமல் சுடுகிறது. சாக்கெட்டின் ஓரமும் பழுப்பேறிவிட்டது. ஆனால் எம்சிபி ட்ரிப் ஆகவில்லை. அப்படியே விடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கூடவே கூடாது, இன்றே நிறுத்துங்கள்! கீசரின் வேலை தண்ணீரைச் சுட வைப்பது, சுவரை அல்ல. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சின்ன பாயின்ட் தாங்குவது 6. கன்வெர்ஷன் பிளக் கால்களின் பருமனைத்தான் மாற்றும், சுவருக்குள் ஓடும் ஒயரை மாற்றாது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். எம்சிபி ஓடும் கரண்ட்டைத்தான் கவனிக்கும். சாக்கெட்டுக்குள் தளர்ந்துபோன பித்தளைப் பிடி கொதிப்பது அதற்குத் தெரியாது. பிளாஸ்டிக் உருகி நாற்றம் வரும்போதுகூட அது பேசாமல் இருக்கும்.

டிபி பாக்ஸிலிருந்து தனி எம்சிபி, குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட் – மூன்றும் வேண்டும். "சாக்கெட்டை மட்டும் மாத்தினா போதும்மா" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். பிளக்கின் கால் கருத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் புது சாக்கெட்டையும் கெடுத்துவிடும். 1,000 வாட் அயர்ன் பாக்ஸுக்குப் பழைய பாயின்ட்டே போதும், அது இழுப்பது 4.3 ஆம்பியர்தான், ஆனால் கருகிய சாக்கெட்டை மாற்றிய பிறகு!